புத்தளத்தில் ஒரு கிளட்ச் வேலை

விடுமுறைக்குப் போகிற இடத்தில் யாருடைய வண்டிக்கு அடியிலும் படுக்கக் கூடாது என்று என் மனைவி சொல்லித்தான் அனுப்பினாள். நானும் சரி என்று தலையாட்டினேன். தூத்துக்குடியில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. உப்பு லாரிகளுக்கு கிளட்ச், பிரேக் வேலை. தலை நரைத்ததே அந்தப் பட்டறையில்தான். ஒரு வாரமாவது கிரீஸ் ஒட்டாத கையோடு இந்த மனுஷன் சாப்பிடட்டும் என்று அவள் நினைத்ததில் தப்பில்லை.

என் சித்தி மகள் ஸ்டெல்லாவை இலங்கையில் முந்தலில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவளுடைய கடைக்குட்டிக்குப் புதுநன்மை, கோவிலில் முதல் நற்கருணை வாங்குகிற நாள். விழா ஞாயிற்றுக்கிழமை, நான் திங்கட்கிழமையே போய் இறங்கிவிட்டேன். முன்னாலேயே போய் நின்று எல்லா வேலைக்கும் யோசனை சொல்லாவிட்டால் எங்கள் பக்கத்தில் தாய்மாமன் என்று யாரும் மதிக்க மாட்டார்கள்.

சிலாபத்தில் பிடித்த பஸ் முந்தல் வரை பறந்தது. பின்னால் இன்னொரு பஸ் துரத்திக்கொண்டு வந்ததுதான் காரணம். டிரைவர் கிளட்சைப் பாதி மிதித்து, கியரை அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் கவலைப்பட்டது வேகத்துக்காக அல்ல, அந்த கிளட்ச் தட்டுக்காக. பக்கத்தில் ஓர் அம்மா மடியில் முட்டைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவர் சிங்களத்தில் கண்டக்டரிடம் நீளமாக ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. முன் சீட்டுக்காரர் எனக்காகத் திரும்பித் தமிழில் சொன்னார். இந்த முட்டைகள் வீட்டுக்குப் போய்ப் பொரிக்க வாங்கியவை, வழியிலேயே பொரித்துக் கொடுக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லச் சொன்னாராம்.

ஸ்டெல்லா வீட்டில் முதல் சாப்பாடு பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும். எங்கள் ஊரில் ரொட்டித் துண்டைக் காய்ச்சல்காரருக்குத்தான் கொடுப்போம். இங்கே நல்ல ஆரோக்கியமானவர்கள் அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு பாணை வாங்கிவந்து, பிய்த்து, பருப்பில் முக்கிச் சாப்பிடுகிறார்கள். முதல் துண்டை ஒரு நோயாளியின் முகத்தோடுதான் எடுத்தேன். பிறகு முக்கால்வாசிப் பாணை நானே தீர்த்தேன். ராத்திரிக்கு இறால். ஸ்டெல்லாவின் கணவர் அன்டன் இறால் பண்ணை வைத்திருக்கிறார். அந்த வீட்டில் இறாலை நாம் கத்தரிக்காயை நினைக்கிற மாதிரிதான் நினைக்கிறார்கள்.

மறுநாள் காலை அன்டனோடு முந்தல் கடைத்தெருவில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தேன். பால் இல்லாத தேநீருக்கு அங்கே அதுதான் பேர். அப்போது ரோட்டில் கியர் பல் அரைபடும் சத்தம் கேட்டது. பழைய ஜப்பான் லாரி ஒன்று, நீல நிறம், பின்னால் உப்பு மூட்டை. டிரைவர் கிளட்ச் மிதியைத் தொம் தொம்மென்று மிதித்துவிட்டு கியரைத் தள்ளுகிறார், அது ஏற மாட்டேன் என்கிறது. இன்னொரு முறை அரைத்தது. எனக்குப் பல் கூசியது. அன்டன் என் சட்டையைப் பிடித்தார். மனைவி அவரிடமும் போனில் சொல்லி வைத்திருந்தாள் போலிருக்கிறது. ஆனால் அதற்குள் நான் ரோட்டைக் கடந்துவிட்டேன்.

டிரைவர் பெயர் நிசார். என் வயதுதான் இருக்கும். வெள்ளைத் தொப்பி, ஒடிசலான உடம்பு. தொண்ணூறில், போர் நடந்த நாளில், மன்னார்ப் பக்கமிருந்து மற்ற முஸ்லிம்களோடு துரத்தப்பட்டு வந்த குடும்பம், இப்போது புத்தளத்தை ஒட்டிய தில்லையடியில் வீடு. நான் தூத்துக்குடியில் இதே வேலை செய்கிறவன் என்று அன்டன் சொன்னதும் அவர் கீழே இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஊரில் கைத்தொழில்காரர்களை எல்லாம் பாஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அந்த நிமிஷத்திலிருந்து பாஸ் ஆனேன்.

"ரெண்டு மூணு மாசமா இதே கதைதான் பாஸ். காலையில மிதி நல்லா இரிக்கும். ரெண்டு நடை போனா அப்பிடியே கீழ போயிரும். ஒயில் குறையுது, ஆனா எங்க ஒழுகுது எண்டு ஒருத்தருக்கும் விளங்கல்ல."

ஏற்கெனவே மூன்று பாஸ்மார் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. மூன்று பேர் கைவிட்ட வண்டி என்றால் எனக்குப் பந்தி இலை போட்ட மாதிரி.

இந்த மாதிரி கிளட்சில் விஷயம் ரொம்ப எளிது. மிதியோடு ஒரு சின்ன பம்ப், கீழே கியர்பெட்டி ஓரமாக இன்னொரு பம்ப், நடுவில் ஒரு குழாய். மேல் பம்பை மிதித்தால் பிரேக் ஆயில் குழாய் வழியாக ஓடிக் கீழ்ப் பம்பைத் தள்ளும், அது கிளட்சை விலக்கும். எங்காவது ஒழுகினாலோ காற்றுப் புகுந்தாலோ மிதி பொசுக்கென்று இறங்கும், கியர் அரைக்கும். ஆயில் குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஆவியாகப் போவதற்கு அது ரசம் இல்லை.

நிசார் உப்பை இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய், மத்தியானம் லாரியை அன்டனின் பண்ணைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். நான் அடியில் படுத்தேன். கீழ்ப் பம்பின் ரப்பர் உறை ஈரமாக இருந்தது. வேறு என்ன வேண்டும்? கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த ரப்பரும் தேய்ந்துதான் கிடந்தது. முந்தலில் புது ரப்பர் வாங்கி மாட்டி, காற்றை வெளியேற்றி, காலடியில் கிடந்த புதுச் சாக்கில் செருப்பைத் துடைத்துக்கொண்டு மிதியை மிதித்துக் காட்டினேன். கும்மென்று நின்றது. நிசார் அல்ஹம்துலில்லாஹ் என்றார். நான் பெருந்தன்மையாகக் கையைத் துடைத்துக்கொண்டு, எங்கள் ஊரில் இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வோம் என்றேன்.

புதன்கிழமை அன்டன் என்னைக் கற்பிட்டிப் பக்கம் கூட்டிப்போனார். போகிற வழியெல்லாம் நான் கிளட்ச் பற்றித்தான் பேசினேன் என்று பிறகு ஸ்டெல்லாவிடம் புகார் சொல்லியிருக்கிறார். நுரைச்சோலையில் ஒரு சின்னக் கடையில் மீன் வைத்த பணிஸ், அதாவது பன், சாப்பிட்டோம். அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கிற பையன்கள் இரண்டு பேர் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்டன் காதோரம் மொழிபெயர்த்தார்: ஒருவனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள், பெண் வீட்டார் இவன் வேலையை விடக் கூடாது என்கிறார்களாம், இவனுக்கோ கடலுக்குப் போகத்தான் ஆசையாம். எங்கள் ஊர் அனல்மின் நிலையத்து வாசலிலும் இதே பேச்சை நான் கேட்டிருக்கிறேன். கடல் மட்டும்தான் நடுவில்.

திரும்பி வருகிற வழியில் அன்டனின் போன் அடித்தது. நிசார்தான். லாரி மறுபடி நின்றுவிட்டது. மூன்றாவது நடையில் மிதி தரையோடு போய்விட்டதாம். அன்டன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் இருந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் லாரி நின்றிருந்த உப்பளத்துக்கு நானே ஆட்டோ பிடித்துப் போனேன். பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்து, ஆட்டோக்காரர் என்னையும் இறக்கித் தள்ளவிட்டார். நான் வியர்த்து ஊற்ற அந்த உப்பளத்தில் போய் நின்றபோது வரம்பில் ஒரு பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். தலையில் முக்காடு, அதற்கு மேல் பனையோலைத் தொப்பி. நிசாரின் தங்கை நபீஸா. பாத்திக்காரர்கள் எல்லோரும் அவரை நபீஸா தாத்தா என்றார்கள். அங்கே தாத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன். அது புரியும்வரை நான் ஒரு கிழவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தியாவிலிருந்து வந்த பெரிய பாஸ் நீங்கள்தானா என்று கேட்டார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் எனக்குக் காது சுட்டது.

உப்பளம் எனக்குப் புதிதா என்ன? ஆனால் எங்கள் ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை, பெரிய கம்பெனிகள், வரிசையாக லாரிகள். இங்கே களப்பு என்கிற உப்பங்கழி ஓரமாகச் சின்னச் சின்னப் பாத்திகள், இடையில் தென்னை, அந்தக் கரையில் நுரைச்சோலை மின் நிலையத்தின் புகைபோக்கி. நபீஸாவின் பாத்தி களப்பை ஒட்டி எல்லாவற்றிலும் தாழ்ந்த இடத்தில் இருந்தது. வரம்பு நெடுகத் தென்னங்கிடுகு போட்டு மூடிய உப்புக் குவியல்கள். கிடுகு சில்லறை மழையைத் தாங்கும். பருவமழை வந்தால் தண்ணீர் அடியிலிருந்து ஏறி வரம்பையே முக்கிவிடும். அதற்கு முன் உப்பு ரோட்டோரக் களஞ்சியத்துக்குப் போயாக வேண்டும். மற்ற லாரிகளை எல்லாம் பெரிய பாத்திக்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். அவருக்கு இருந்தது அண்ணனின் இந்த நீல லாரி ஒன்றுதான்.

"இருவது வருசமா மத்தவங்கட உப்பத்தான் தலையில சுமந்தேன்," என்றார் நபீஸா. "இந்த வருசம்தான் பாத்தி என்ட. இது கரைஞ்சா திரும்பவும் கூடைதான் பாஸ்."

கணவர் இல்லை, இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று, கையில் இருந்ததை எல்லாம் போட்டுக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார் என்று நிசார் ஒதுக்குப்புறமாகச் சொன்னார். போன வருஷ மழையில் இந்தப் பக்கத்து உப்பு கரைந்துபோக, புத்தளத்துக் கடைகளிலேயே இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த உப்பைத்தான் வாங்கினார்களாம். எந்த ஊர் உப்பு என்று நான் கேட்கவில்லை. அதை ஏற்றிப்போன லாரிக்கு நான்தான் கிளட்ச் பார்த்திருப்பேன் என்று தோன்றியதும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

நபீஸா அடிக்கடி களப்புக்கு அப்பால் பார்த்தார். புகைபோக்கியின் புகை எங்கள் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அது சாய்ந்து வரும்வரை பயமில்லை, நேராக நிற்க ஆரம்பித்தால் மழை வாசலில் என்று அர்த்தம், இந்தப் பக்கத்துக்காரர்களின் கணக்கு அது என்றார். மேலே ஒரு துண்டு மேகம்கூட இல்லை. இருந்தாலும் எனக்கு அவசரம் வந்துவிட்டது.

மறுபடி அடியில் படுத்தேன். கீழ்ப் பம்பின் உறை மறுபடி ஈரம். இந்தத் தடவை விரலை நாக்கில் வைத்தேன். உப்பு! லாரியின் பலகை வழியாகச் சொட்டும் உப்புத் தண்ணீர். செவ்வாய்க்கிழமை அதைப் போய் ஆயில் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். உப்பு லாரி பார்த்தே நரைத்தவன் நான். என்னை நானே நாலு திட்டுத் திட்டிக்கொண்டேன். உறையைப் பிதுக்கினேன், உள்ளே காய்ந்திருந்தது. குழாயை முழுக்கத் தடவினேன். ரப்பர் குழாயை நிசார் மிதிக்க மிதிக்கக் கையில் பிடித்துப் பார்த்தேன், புடைக்கவில்லை. மிச்சம் மேல் பம்ப்தான். அது ஒழுகினால் மிதியின் தண்டு வழியாக இறங்கிக் காலடியில்தான் சொட்ட வேண்டும். ஏறிப் பார்த்தேன். தண்டு பளிச்சென்று இருந்தது. தரையில் புதுச் சாக்கு மடித்துப் போட்டிருந்தது. அதைத் தூக்கினேன், கீழே காய்ந்த தகரம். முகர்ந்தேன், சவர்க்காரம் என்கிற சோப்பு வாசனைதான் வந்தது. நாலு தரம் மிதித்துப் பார்த்தேன், ஒரு துளி இல்லை.

ஆயில் டப்பாவோ முக்கால் காலி. இந்த ஊரில் பிரேக் ஆயிலைப் பேய் குடிக்கிறதா?

நான் வரம்பில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து நபீஸா சாப்பிட வரச் சொன்னார். சாப்பாடு வேண்டாம் என்றேன். பட்டினி கிடந்து யோசித்தால் மட்டும் விளங்கிவிடுமா என்று கேட்டார். எழுந்து கூடப் போனேன்.

தில்லையடியில் ஒடுக்கமான தெரு. வீட்டுக்கு முன்னால் இரும்பு கேட், பச்சைப் பெயிண்ட். நிசார் திறந்துவிட்டார், நான் உள்ளே காலை வைத்தவன் அப்படியே நின்றேன். கேட்டின் மேல் கம்பியிலிருந்து கீழே வரை பெயிண்ட் சுருங்கிக் கொப்பளித்துத் தோலாக உரிந்திருந்தது. பாதி கேட் மட்டும்தான் அப்படி. மற்றப் பாதி புதுசு மாதிரி. ஜன்னல் கம்பிகளும் அதே பச்சை, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உப்புக் காற்று பாஸ், இந்த ஊரில் எதுவும் நிற்காது என்றார் நிசார்.

உப்புக் காற்று இரும்பைத் தின்னும், துரு பிடிக்க வைக்கும். இங்கே துரு இல்லை. நகத்தால் கீறினேன், பெயிண்ட் பாலாடை போலச் சுருண்டு வந்தது. இப்படிப் பெயிண்டைக் கிளப்புகிற சாமான் என் பட்டறையில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, பிரேக் ஆயில். புதுப் பையன்கள் யாராவது வாடிக்கையாளர் வண்டியின் பானெட்டில் அதைக் கொட்டிவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

இந்தக் கேட்டில் எதைக் காயப்போடுவீர்கள் என்று கேட்டேன்.

சோற்றுச் சட்டியோடு வந்த நபீஸா, லொறிச் சாக்கைத்தான் என்றார், வேறென்ன.

ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். பாத்தியில் ஏறி இறங்குகிற கால்களெல்லாம் உப்புத் தண்ணீர். அதனால் டிரைவர் காலடியில் எப்போதும் ஒரு சாக்கு மடித்துப் போட்டிருக்கும். அது எப்போதும் நனைந்தே இருக்கும், உப்புத் தண்ணீர் என்று யாரும் கவனிப்பதில்லை. சரி, ஆனால் நான் பார்த்த இரண்டு தடவையும் சாக்கு காய்ந்த புதுச் சாக்காக இருந்ததே?

நபீஸாவுக்கு நான் கேட்டதே புரியவில்லை. பிறகு கொஞ்சம் கோபமாகவே சொன்னார்:

"பாஸ்ட கையில ஊத்த வண்டியக் குடுக்கிறதா? கழுவி, சாக்கு மாத்தித்தான் குடுப்போம். மூணு பாஸ்மாருக்கும் அப்பிடித்தான் குடுத்தோம். உங்களுக்கு மிதிக்கட்டையையும் சவர்க்காரம் போட்டுத் தேய்ச்சன்."

நான் சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்த முடியாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்கள் பத்து நாள் சேறோடு, உள்ளே வெற்றிலை எச்சிலோடு கொண்டுவந்து நிறுத்துவார்கள். நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேலை பார்ப்போம். இந்தப் பெண் மரியாதைக்காக ஒவ்வொரு தடவையும் தடயத்தை எல்லாம் கழுவித் துடைத்து, வாசனையும் போட்டு, எங்கள் முன்னால் வைத்திருக்கிறார். நாலு பாஸ்மாரும் ஏமாந்தோம்.

முந்தின நாள் கழற்றிய சாக்கு கொல்லையில் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது, இன்னும் அலசவில்லை. ஒரு முனையை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். வழுக்கியது. உப்புத் தண்ணீர் வழுக்காது. நிசாரிடம் நீட்டினேன். அவரும் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார், தங்கையைப் பார்த்தார். நபீஸா முக்காட்டின் முனையை வாயில் வைத்துக்கொண்டார். அவருக்கு அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

மேல் பம்ப்தான். வண்டி நிற்கும்போது நாலு தரம் மிதித்தால் காட்டிக்கொடுக்காது. சூடேறி, டவுனில் நூறு தரம் கியர் மாற்றினால்தான் பின்பக்கத்து ரப்பர் கசியும். கசிவது தண்டில் இறங்கிச் சாக்கில் ஊறிவிடும்.

அதற்குப் பிறகு சாப்பிட்ட சாப்பாட்டை நான் மறக்க மாட்டேன். சோறு, மீன் ஆணம், மாசிக் கருவாட்டுச் சம்பல், பொரித்த அப்பளம். ஆணம் என்பது அவர்கள் குழம்புக்குச் சொல்கிற பேர். தேங்காய்ப்பாலில் மிதந்த அந்த மீனைப் பற்றித் தனியாக எழுதலாம். ஆனால் அப்போது என் மனம் முழுக்க அந்த ரப்பரில் இருந்தது. மூன்றாவது தடவை சோறு வைக்க வந்தவரைக் கையால் தடுத்துவிட்டு எழுந்தேன்.

புத்தளம் டவுனில் முதல் கடையில் கொடுத்த ரப்பர் ஒரு நூல் பெரிதாக இருந்தது. போட்டால் உள்ளே போகும், ஆனால் திரும்பி வராது, மிதி பாதியில் சிக்கிக்கொள்ளும். கடைக்காரர் எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள் என்றார். எல்லோருடைய வண்டியையும் நான் பார்க்கவில்லை, இந்த வண்டியைத்தான் பார்க்கிறேன் என்றேன். இரண்டாவது கடையில் சரியானது கிடைத்தது.

நிசார் லாரியை மெதுவாக உருட்டிக் கொண்டுவர, வீட்டு வாசலிலேயே வேலையை வைத்துக்கொண்டோம். பம்பைக் கழற்றி உள்ளே பார்த்தேன். மெல்லிய கீறல்தான், குழி விழவில்லை. நைசான உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, புது பிரேக் ஆயிலாலேயே கழுவினேன். பெட்ரோலைக் கொண்டுவந்த நிசாரைத் திருப்பி அனுப்பினேன். பெட்ரோல் பட்டால் புது ரப்பர் ஊதிப்போகும். ரப்பரை விரலாலேயே திருப்பித் திருப்பி ஏற்றினேன். ஆணி, திருப்புளி எதுவும் கிட்ட வரக் கூடாது.

காற்றை வெளியேற்ற மூன்று பேர் வேண்டும். நான் அடியில், நிசார் ஆயில் டப்பாவோடு. மிதிக்க ஆள்? நபீஸா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். நான் மிதிங்க என்றால் மிதிக்க வேண்டும், பிடிங்க என்றால் பிடித்துக்கொள்ள வேண்டும், நான் திருகை மூடிய பிறகுதான் விடலாம். முதலில் குழாயில் நுரை வந்தது, பிறகு குமிழ் குமிழாக, பிறகு கண்ணாடி மாதிரித் தெளிவாக ஆயில். அவருடைய கால் அவசரப்படவே இல்லை. என் பட்டறைப் பையன்களுக்கு இத்தனை வருஷமாகச் சொல்லியும் வராத நிதானம் அது.

"இப்பக் கல்லு மாதிரி இரிக்கி," என்று மேலிருந்து குரல் வந்தது.

நான் வெளியே வந்து ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன். நாளைக்குச் சாக்கும் போட வேண்டாம், கழுவவும் வேண்டாம். தகரம் அப்படியே இருக்கட்டும். அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அதிகாலைத் தொழுகையான சுபஹு முடிந்ததுமே முதல் நடை. நானும் லாரியில் இருந்தேன், விருந்தாளி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு நடை முடிந்ததும் காலடித் தகரத்தைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மூன்றாவது நடை, நாலாவது நடை, மிதி அசையவில்லை. நிசார் கியரை இரண்டு விரலால் மாற்றி மாற்றி எனக்குக் காட்டினார், புது மாப்பிள்ளை மோதிரம் காட்டுகிற மாதிரி.

முற்பகலில் பார்த்தபோது புகைபோக்கியின் புகை நேராக நின்றது. தென்கிழக்கில் கறுப்புக் கட்டியது. வரம்பில் குவியல்களில் பாதி இன்னும் கிடந்தது. அந்த நேரம் பார்த்து நிசார் லாரியைப் பள்ளிவாசல் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, ஜும்மா என்றார். மூட்டை தூக்குகிற ஆட்களும் இறங்கிப் போனார்கள். எனக்குத் தாங்கவில்லை. நானும் கோவிலுக்குப் போகிறவன்தான், ஆனால் மழை காத்திருக்குமா? சாவியைக் கொடுத்தால் நானே ஓட்டுகிறேன் என்று நபீஸாவிடம் சொன்னேன்.

"ஜும்மாவ விட்டுட்டு ஏத்துற உப்பு எனக்குத் தேவல்ல பாஸ். இரிங்க," என்றார்.

இருந்தேன். நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தேன். காற்று அடங்கி, தென்னோலை ஒன்றுகூட ஆடவில்லை. அவரும் அந்த மேகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் பாத்திப் பக்கம் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

தொழுகை முடிந்து நிசார் திரும்பியபோது அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே வந்தது. நபீஸாட உப்பு வரம்பில் கிடக்கிறது, மழை வருகிறது என்று பள்ளிவாசல் வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். வெள்ளைச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்கள். காலையில் ஒரு நடை ஏற்ற எடுத்த நேரத்தில் இப்போது இரண்டு நடை ஏறியது. நானும் சுமந்தேன். என் முதுகு அதை அடுத்த நாள் நினைவுபடுத்தியது.

கடைசிக்கு முந்தின குவியலை ஏற்றும்போது முதல் துளி விழுந்தது. பிறகு வானம் அப்படியே இறங்கியது. களப்போரத்தில் ஒரே ஒரு குவியல் மிச்சம், எல்லாவற்றிலும் சின்னது. நிசார் லாரியை அந்த வரம்புக்குத் திருப்பினார். மண் இளகிவிட்டது, பின் சக்கரம் ஒரு பக்கம் வழுக்கிப் பாத்திக்குள் சரியப் பார்த்தது. அவர் விடுகிறவராக இல்லை. கிளட்ச் இருக்கிற தைரியத்தில் இன்னும் முன்னே தள்ளினார். எனக்கும் அந்தத் தைரியம்தான். நம் வேலையின் மேல் நமக்கு நம்பிக்கை இல்லாமலா? போங்க போங்க என்று பக்கத்து சீட்டிலிருந்து நானே சொன்னேன்.

காலையிலிருந்து சிந்திய உப்பைக்கூடக் கையால் அள்ளிக்கொண்டிருந்த நபீஸா ஓடிவந்து லாரியின் மூக்கில் இரண்டு கையையும் வைத்தார்.

"போதும் நானா. அது மழைட பங்கு. விடு."

நிசார் பின்னால் எடுத்தார். குவியலின் கிடுகு ஒன்று தண்ணீரில் மிதந்து போனது. நபீஸா கதவைத் திறந்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார், நான் நடுவில் நகர்ந்துகொண்டேன். முக்காடு, முகம், கை எல்லாம் நனைந்து சொட்டியது. நிசார் களஞ்சியத்துக்கு வண்டியை எடுத்தார்.

களஞ்சிய வாசலில் ஒரு காவல்காரர் உண்டு. உள்ளே போகிற ஒவ்வொரு லாரியையும் நிறுத்தி, யாருடைய உப்பு என்று கேட்டு, அவரவர் இடத்தைக் காட்டி அனுப்புவார். காலையிலிருந்து நிசார்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முன் இருபது வருஷமாக நபீஸா அந்த வாசலுக்கு வந்தது லாரியில் உப்புக்கு மேல் உட்கார்ந்து, கூடையோடு. அப்போதெல்லாம் அவர் சொன்னது வேறு வேறு முதலாளிமாரின் பெயர்கள். இதை அவரே என்னிடம் பிறகு சொன்னார்.

காவல்காரர் குடையோடு ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார்.

"யார்ட உப்பு?"

நிசார் வாயைத் திறந்தவர், தங்கையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். நபீஸா என்னவோ சொன்னார், பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. காவல்காரர் காதில் கையை வைத்து மறுபடி கேட்டார். நபீஸா கண்ணாடியை முழுக்க இறக்கி, தலையை மழைக்குள் நீட்டி, பின்னால் நின்ற லாரிக்காரர்களும் எட்டிப் பார்க்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்:

"என்ட."